ஆண்ட்ராய்டைப் பற்றிய சில பிரமைகள்

தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் மாறிமாறிப் புழங்கும் கார்வேட்டிநகரத்தைப் போன்ற சித்தூர் ஜில்லா ஊர்களில், கணினிப் படிப்பை முடித்த பிள்ளைகள் கைப்பேசிக்குச் செயலி எழுத ஆசைப்படுவது இன்று சகஜமாகிவிட்டது. ஆனால் அந்த ஆசையோடு, ஆண்ட்ராய்டு என்னும் இயங்குதளத்தைப் பற்றிய சில தவறான அபிப்பிராயங்களும் ஒட்டிக்கொண்டே வருகின்றன.

அவற்றுள் பிரதானமானது, ஆண்ட்ராய்டு யாருக்கும் சொந்தமில்லாதது, ஆகவே அதற்குச் செயலி எழுதுகிறவர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது. இதில் பாதி உண்மை உண்டு. 2008-ஆம் ஆண்டில் வெளியான அதன் மூலநிரலை, அப்பாச்சி உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, யாரும் இறக்கிப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை விற்கவும் செய்யலாம். ஆயினும் நம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியில் அந்த மூலநிரல் மட்டுமா இருக்கிறது? அதன்மேல், மூலம் வெளியிடப்படாத ‘பிளே சர்வீசஸ்’ என்னும் கூகுளின் சொந்தச் சரக்கு ஒன்று அமர்ந்திருக்கிறது. வரைபடம் காட்டுவது, செய்தி வந்ததும் மணியடிப்பது முதலிய காரியங்களுக்கு எத்தனையோ செயலிகள் அதையே ஆதாரமாகக் கொண்டிருப்பதால், 2019-க்குப் பின் கூகுளின் சேவைகளை இழந்த ஹுவாவேயின் புதிய கைப்பேசிகளில் அவற்றுள் பல முடங்கிப்போயின. 2025 மார்ச்சில் கூகுள் அறிவித்தபடி, ஆண்ட்ராய்டின் வளர்ச்சிப் பணி இப்போது முழுவதும் அந்நிறுவனத்தின் உள்ளறையில்தான் நடக்கிறது; வேலை முடிந்து பதிப்பு தயாரான பிறகே மூலநிரல் வெளிவருகிறது.

பிளே ஸ்டோர் என்னும் அங்காடியின் விதிகளோ முற்றிலும் வேறு. கணக்குத் தொடங்க ஒரே ஒரு முறை 25 டாலர் கட்ட வேண்டும். 2023 நவம்பர் 13-க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கானால், செயலியைப் பொதுவில் வெளியிடுமுன் 12 பேரைக் கொண்டு 14 நாள் இடைவிடாமல் சோதித்தாக வேண்டும். தொடக்கத்தில் இது 20 பேராக இருந்தது. நம் பக்கத்தில் பன்னிரண்டு பந்துக்களைத் திரட்டுவது பெரிய பிரயாசையன்று. கெடு முடியுமுன் அவர்களில் ஒருவரும் சோதனையிலிருந்து விலகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பிரயாசை.

இந்த அங்காடிக்கு வெளியே கிடைப்பதெல்லாம் திருட்டுச் சரக்கு என்பது இதற்கு நேர்மாறான பிரமை. வாட்ஸ்அப்பில் வரும் போலி வங்கிச் செயலிகளால் பணம் இழந்தவர்கள் உண்டாகையால் அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் திறந்த மூலச் செயலிகளை மட்டுமே தாங்கும் எஃப்-டிராய்டு என்னும் களஞ்சியம் 2010 முதல் நேர்மையாக நடந்து வருகிறது.

2023 ஜனவரியில், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் ‘பாரோஸ்’ என்ற இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியபோது, அது அடி முதல் முடி வரை பாரத தேசத்திலேயே பிறந்தது என்று பலர் பூரித்துப்போனார்கள். அதன் அஸ்திவாரம் ஆண்ட்ராய்டின் மூலநிரலே. இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் ஓர் இழிவும் தென்படவில்லை. அமேசானின் ஃபயர் ஓ.எஸ்.ஸும், தன்னார்வலர் பேணிவரும் லினியேஜ் ஓ.எஸ்.ஸும் அதே அஸ்திவாரத்தின்மேல்தான் எழும்பின. செயலி எழுதுகிறவருக்கு இது லாபமே. கூகுளின் சேவைகளைச் சாராமல் கோட்லின், ஜாவா என்னும் நிரல்மொழிகளில் எழுதியது இவற்றுள்ளும் ஓடும். ஆண்ட்ராய்டின் செயலிகளைத் துறந்து தனிவழி சென்றதன் கதியைப் பார்க்க வேண்டுமானால், மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ். இருக்கிறது. 2014-இல் இன்டெக்ஸ் நிறுவனம் அதை ஏற்றி 1,999 ரூபாய்க்கு ஒரு கைப்பேசி விற்றது. வாட்ஸ்அப் நிறுவனத்தின் சொந்தச் செயலி அதில் இல்லை. மறு வருஷக் கடைசியில் மொசில்லா கைப்பேசி முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. அந்த மூலநிரலிலிருந்து கிளைத்த கை ஓ.எஸ்.தான் பின்னர் 2017-இல் ஜியோபோனில் வந்து சேர்ந்தது. 2015-இல் பக்கத்து ஸ்ரீசிட்டியின் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷவோமி கைப்பேசிகள் தயாராகத் தொடங்கியதை வைத்து, அவற்றினுள் ஓடும் நிரலும் நம்முடையது என்று நினைப்பதும் பாரோஸைப் பற்றிய பூரிப்பைப் போன்ற மயக்கமே.

எஞ்சியது, பட்டணமும் விலையுயர்ந்த கணினியும் இல்லாமல் இது நடவாது என்ற அதைரியம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இலவசம். கணினிக்குள்ளேயே பொய்க் கைப்பேசியை ஓட்டிக் காட்டும் எமுலேட்டர் பழைய கணினியைத் திணறடிக்கும் என்பது மெய்தான். அதற்குப் பதில், வீட்டிலுள்ள ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் ‘பில்டு நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்டி, நிரலருக்கான பகுதியைத் திறந்து, யு.எஸ்.பி. டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் இணைத்துவிட்டால், எழுதியது அப்படியே அதில் ஓடும். பட்டணத்தில் இல்லாததும் ஒரு குறையன்று. செயலியின் வாசகங்கள் ‘வேல்யூஸ்’ என்ற அடைவில் தனியே இருக்கும், அப்பெயரோடு ‘-டி.ஏ.’ என்று சேர்த்த அடைவு தமிழுக்கு, ‘-டி.இ.’ என்று சேர்த்தது தெலுங்குக்கு. கைப்பேசியின் மொழியைப் பார்த்து இயங்குதளமே உரியதை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘ஷேர்’ என்பதற்கு அளவெடுத்த பொத்தானில் ‘பகிர்ந்துகொள்க’ பாதியில் வெட்டுண்டு நிற்பதைச் சென்னையில் இருக்கும் நிரலரும் கண்டு திருத்திவிடுவார். தெலுங்கில் வெட்டுண்டதைக் கண்டுபிடிக்க அவர் வேறொருவரைத் தேட வேண்டும், கார்வேட்டிநகரத்துப் பிள்ளைக்கோ அதற்கு அவசியமில்லை.