14 பேருக்கு ஃபேமிலி டீ-ஷர்ட்: மெஷின் வாங்கலாமா, வீட்டிலேயே போடலாமா?

வைகாசி நெருங்கினாலே காஞ்சிபுரத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப் எல்லாம் சூடாகிவிடும். வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தில் மூன்றாம் நாள் கருட சேவை. சென்னை, பெங்களூரு என்று சிதறிக் கிடக்கும் சித்தப்பா, அத்தை பிள்ளைகள் எல்லோரும் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பார்: "இந்த வருஷம் எல்லாரும் ஒரே மாதிரி டீ-ஷர்ட் போடலாமா?" பத்து பேர் கை தூக்குவார்கள். வேலைக்குப் போகிறீர்கள் என்பதால் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

அடுத்து என்ன நடக்கும்? ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு வீடியோ பார்ப்பீர்கள். ஹீட் பிரஸ் மெஷின், ஆன்லைனில் கிடைக்கிறது, நோ காஸ்ட் இஎம்ஐயும் உண்டு. "வாங்கிடலாம், அப்புறம் ஆர்டர் எடுத்து சம்பாதிச்சுக்கலாம்" என்று தோன்றும். அந்த பட்டனை அழுத்துவதற்கு முன்னால் பத்து நிமிஷம் என்னோடு கணக்குப் போடுங்கள்.

காஞ்சிபுரத்துக்காரருக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜக்கார்டு தறி பார்த்திருப்பீர்கள். டிசைனை முதலில் கிராஃப் தாளில் வரைந்து, அதன்படி அட்டையில் துளை போட்டு, அட்டைகளைக் கோர்த்துத் தறியின் மேலே தொங்கவிடுவார்கள். அந்த அட்டைச் செலவு ஒரு புடவை நெய்தாலும் அதேதான், ஐம்பது நெய்தாலும் அதேதான். பட்டு நூல், ஜரிகை, கூலி அப்படி இல்லை. ஒவ்வொரு புடவைக்கும் புதிதாக ஆகும். நான் சிஏ படிக்கும்போது ஃபிக்சட் காஸ்ட், வேரியபிள் காஸ்ட் என்று பக்கம் பக்கமாகப் படித்தது இவ்வளவுதான். டீ-ஷர்ட்டிலும் எது அட்டை, எது நூல் என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இனி எண்கள். இவை கணக்குக்காக நான் வைத்துக்கொள்ளும் விலைகள். உங்கள் ஏரியா விலையை விசாரித்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் 14 பேர். திருப்பூர் பிளெயின் டீ-ஷர்ட், முழுக் காட்டன், 180 ஜிஎஸ்எம், சராசரி 180 ரூபாய். மொத்தம் 2,520. இது எல்லா வழிக்கும் பொது.

ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்க்ரீன் தயாரிக்க வேண்டும். அதுதான் இங்கே அட்டை. மூன்று கலர் டிசைனுக்கு 1,200 ரூபாய் என்று வைப்போம், அதோடு இங்க்கும் கூலியும் ஒரு பீஸுக்கு 30. 14 பேருக்குச் செய்தால் ஒரு டீ-ஷர்ட் கிட்டத்தட்ட 296 ரூபாய். நூறு பேருக்குச் செய்தால் அதே டீ-ஷர்ட் 222.

டிடிஎஃப் என்பது வேறு ஜாதி. ஃபிலிமில் கலரோடு பிரிண்ட் எடுத்து, பின்பக்கம் பசைப் பவுடர் போட்டு, சூட்டில் அழுத்தி ஒட்டுவது. எத்தனை கலர் இருந்தாலும் கவலை இல்லை, ஸ்க்ரீன் செலவே இல்லை. ஃபிலிம் மீட்டர் 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏ4 சைஸில் மீட்டருக்கு எட்டு டிசைன் அடுக்கலாம். இரண்டு மீட்டர், 700 ரூபாய்; இரண்டு பிரிண்ட் உபரியாகவும் கிடைக்கும். கடையிலேயே பிரஸ் பண்ணித்தர பீஸுக்கு 20 என்றால் 280. ஆக ஒரு டீ-ஷர்ட் சரியாக 250 ரூபாய். இந்த விலைகளில் 30 பீஸ் வரும்போது ஸ்க்ரீனும் டிடிஎஃப்பும் சமமாகும். அதற்கு மேல் போனால் ஸ்க்ரீன் மலிவு. குடும்பத்துக்கு டிடிஎஃப், காலேஜ் பேட்ச் முழுவதற்கும் ஸ்க்ரீன் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மெஷின். 12,000 ரூபாய் என்று வைப்போம். வீடியோக்களில் ஒப்பிடுவது எதனோடு? டீ-ஷர்ட், பிரிண்ட் எல்லாம் சேர்த்துக் கடைக்காரர் வாங்கும் 300 ரூபாயோடு. நீங்களே போட்டால் டீ-ஷர்ட் 180, ஃபிலிம் 50, மொத்தம் 230. பீஸுக்கு 70 ரூபாய் மிச்சம். 12,000ஐ 70ஆல் வகுத்தால் 172 டீ-ஷர்ட். வருஷத்துக்கு 14 போட்டால் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

அந்த ஒப்பீடே தப்புங்க. டீ-ஷர்ட்டையும் ஃபிலிமையும் நீங்களே வாங்கி, கடையில் பிரஸ் மட்டும் பண்ணிக்கொள்ளும் வழி இருக்கிறதே! அதோடு ஒப்பிட்டால் மெஷின் மிச்சம் பிடிப்பது பீஸுக்கு வெறும் 20 ரூபாய். 12,000 ரூபாய் திரும்பி வர 600 டீ-ஷர்ட் போட வேண்டும். 14 பேர் குடும்பத்துக்கு 42 வருஷம் தாண்டும். அத்திவரதர் 1979க்குப் பிறகு 2019இல் 48 நாள் காட்சி கொடுத்தார், அடுத்து 2059. அவரே உங்கள் மெஷினுக்கு முன்னால் வந்துவிடுவார். கரன்ட் செலவையும் ரிப்பேரையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றியும் ஒரு வார்த்தை. பேங்க் வட்டியை விட்டுக்கொடுப்பதில்லை. வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டிவிட்டு, அதை வட்டியாக வாங்குகிறார்கள். அந்த வட்டி மேல் 18% ஜிஎஸ்டி உங்கள் கார்டில்தான் ஏறும். பல கார்டுகளில் பிராசசிங் ஃபீஸும் உண்டு. மொத்தப் பணத்தையும் உடனே கட்டினால் வேறு டிஸ்கவுன்ட் கிடைக்குமா என்று பார்க்காமல் இஎம்ஐ போடாதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி இதெல்லாம் இல்லை. ஃபேப்ரிக் பெயின்ட், ஸ்பாஞ்ச், வீட்டு அயர்ன் பாக்ஸ். பெயின்ட், ஷீட், டேப் எல்லாம் 500 ரூபாய் என்று வைப்போம். கைவேலையில் ஒன்றாவது வீணாகும், அதனால் 15 டீ-ஷர்ட் வாங்குங்கள், 2,700. மொத்தம் 3,200. அதை 15ஆல் வகுக்கக் கூடாது, நல்லபடியாக வரும் 14ஆல் வகுக்க வேண்டும். காஸ்டிங் பாடத்தில் இதற்கு நார்மல் லாஸ் என்று பெயர். ஒரு டீ-ஷர்ட் 229 ரூபாய். இந்தப் பட்டியலில் இதுதான் மலிவு, உண்மையாகவே வீட்டில் செய்ததும் இதுதான்.

புது டீ-ஷர்ட்டை அப்படியே வரையாதீர்கள். ஒரு தடவை துவைத்து, கஞ்சியோ வாசனைத் திரவமோ போடாமல் காயவைத்து அயர்ன் பண்ணுங்கள். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு அட்டை வையுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் முதுகுப் பக்கம் இறங்கும். ஓஎச்பி ஷீட்டில் டிசைனை வெட்டி, ஸ்பாஞ்சில் கொஞ்சமாகப் பெயின்ட் தொட்டு ஒற்றி எடுங்கள். தேய்த்தால் ஓரத்துக்குள் புகுந்துவிடும். தமிழ் எழுத்து வெட்டும்போது ல, வ, ன போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும். அங்கங்கே சின்னப் பாலம் விட்டு வெட்டுங்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு நீராவி இல்லாமல், துணியின் உள்பக்கமாக அயர்ன் போடுங்கள். சூடும் முதல் துவையலுக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதும் பாட்டிலில் இருக்கும், அதைப் படியுங்கள். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள்.

டிசைனுக்கு இன்டர்நெட்டில் தேட வேண்டாம், அம்மாவின் பீரோவைத் திறங்கள். மயில்கண், ருத்ராட்சம், யாளி, அன்னம் எல்லாம் அங்கேயே இருக்கும். கோபுர பார்டருக்கு ஸ்டென்சில்கூட வேண்டாம். மாஸ்க்கிங் டேப்பை முக்கோணம் முக்கோணமாக ஒட்டி நடுவில் பெயின்ட் அடித்தால் போதும். கீழ் ஓரத்தில் அரக்கு, உடம்பு மஞ்சள் என்று போட்டால் கோர்வைப் புடவை மாதிரியே நிற்கும். பெருமாள் படம் வேண்டாம் என்பது என் கருத்து. அதைத் துவைத்துப் பிழியும் அன்று வீட்டில் பெரியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். டீ-ஷர்ட் போடாத பாட்டிக்கு அதே டிசைனை ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சப்ளிமேஷன் பிரிண்ட் மலிவு என்று யாராவது சொன்னால், அது பாலியஸ்டரில்தான் பிடிக்கும், காட்டனில் நிற்காது. வைகாசி வெயிலில் பாலியஸ்டர் போட்டு ஊர்வலத்தில் நிற்பது உங்கள் பாடு. வெள்ளைத் துணிக்கான அயர்ன் டிரான்ஸ்பர் பேப்பரில் டிசைனைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பிரிண்ட் எடுக்க வேண்டும், இல்லையென்றால் குடும்பப் பெயர் தலைகீழாய் வாசிக்கும்.

14 டீ-ஷர்ட்டுக்கு ஆகும் ஒன்பது மணி நேரத்தை உங்கள் சம்பளத்தால் பெருக்கி "இது நஷ்டம்" என்று சொல்பவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அத்தை பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பெயின்ட் அடிப்பதற்கு யாரும் உங்களுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. அந்தக் கணக்கு விற்கும்போதுதான் தேவை. அப்போது கட்டாயம் தேவை.

செலவை 14 பேரும் பங்கு போட்டு உங்களுக்கு ஜிபே பண்ணினால் அது வருமானம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் 20 பீஸ் கேட்டு, நீங்கள் லாபம் வைத்து விற்க ஆரம்பித்தால் அது பிசினஸ். முதலில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து, வேறு தொழில் செய்யக் கூடாது என்ற ஷரத்து இருக்கிறதா பாருங்கள். சினிமா ஸ்டார் படம், கிரிக்கெட் டீம் லோகோ போட்டு விற்பது காப்பிரைட், டிரேட்மார்க் சிக்கல். சரக்கு மட்டும் விற்றால் தமிழ்நாட்டுக்குள் 40 லட்சம் டர்ன்ஓவர் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் மெஷினில் பிரிண்ட் போட்ட டீ-ஷர்ட்டை பெங்களூருக்கு விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. அதற்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும்.

வருமான வரியில், 2025-26 நிதியாண்டுக் கணக்குப்படி, 44ஏடி பிரிவில் டிஜிட்டலாக வந்த பணத்தில் குறைந்தது 6%, ரொக்கத்தில் 8% லாபம் காட்டலாம். உண்மையான லாபம் அதிகமானால் அதைத்தான் காட்ட வேண்டும். ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-4க்குப் போக வேண்டும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. சம்பளம் மட்டும் இருக்கும்வரை பழைய ரெஜிம், புது ரெஜிம் இரண்டில் எது லாபமோ அதை ஒவ்வொரு வருஷமும் மாற்றிக்கொள்ளலாம். பிசினஸ் வருமானம் வந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். பழையது வேண்டுமென்றால் கெடுவுக்குள் 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும். அப்புறம் புதியதற்கு ஒருமுறைதான் திரும்பலாம்; அதன்பின் பிசினஸ் வருமானம் இருக்கும்வரை பழையது கிடையாது. வீட்டுக் கடன் வட்டி, ஹெச்ஆர்ஏ காட்டிப் பழைய ரெஜிமில் நல்ல தொகை மிச்சம் பிடிப்பவர், வருஷத்துக்கு ஐயாயிரம் ரூபாய் டீ-ஷர்ட் லாபத்துக்காக இதில் மாட்டிக்கொள்வாரா என்பதை, முதல் ஆர்டருக்கு அட்வான்ஸ் வாங்கும் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.