பிடி கொழுக்கட்டை

புனே நகரில் பிள்ளையார் சதுர்த்தி பத்து நாள் பெருவிழாவாகும். 1893ஆம் ஆண்டில் பாலகங்காதர திலகர் பொதுவிழாவாக வளர்த்தெடுத்த அவ்விழாவின்போது தெருவெங்கும் பந்தல்கள் எழும். முரசொலி நள்ளிரவுவரை ஓயாது. அந்நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திலும் சதுர்த்தி ஏற்பாடுகள் மும்முரமாக நடைபெற்றன. ஆனால், விழாவுக்கு முதல் நாள் மாலை அவ்வீட்டில் ஒரு சிறு வருத்தம் புகுந்துவிட்டது.

திருநெல்வேலியிலிருந்து ஆச்சி வந்திருந்தார். ஓராண்டுக்குப் பின் பேரனைக் காணப்போகும் ஆவலில் முறுக்கும் அதிரசமும் சுட்டு, டப்பாக்களில் அடுக்கி, நெடிய தொடர்வண்டிப் பயணம் முழுவதும் அவை நொறுங்காமல் காத்துக் கொண்டுவந்திருந்தார். எட்டு வயதுப் பேரன் அதிரசத்தின் ஓரத்தை ஒரு முறை கடித்தான், முகம் சுளித்தான், தட்டைத் தள்ளிவைத்தான். முறுக்கில் இருந்த எள் பல்லில் ஒட்டுகிறது என்று தன் அம்மாவிடம் இந்தியில் முறையிட்டான். ஆச்சிக்கு இந்தி தெரியாது. தள்ளிவைக்கப்பட்ட தட்டு மட்டுமே அவருக்கு விளங்கியது.

“என் கைப்பக்குவம் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை போலும்” என்று கூறிவிட்டு ஆச்சி டப்பாவை மூடினார்.

உண்மையில் பேரன் ஆச்சியை வெறுக்கவுமில்லை; அவருடைய கைப்பக்குவத்தைக் குறை கூறவுமில்லை. புதிய உணவைக் கண்டு தயங்குவது குழந்தைகளின் இயல்பு. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இத்தயக்கம் மிகுதியாக இருக்கும். சிலரிடம் அதற்குப் பின்னும் நீடிக்கும். சிலருக்கு மணம் பிடிக்காது. சிலருக்கு நிறம் பிடிக்காது. பலருக்கோ நாவில் படும் தன்மைதான் இடையூறு. வழவழப்பு, பிசுபிசுப்பு, நறநறப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும், தட்டு தள்ளப்படும். ஓர் உணவைப் பத்து முறைக்கு மேல் கண்முன் வைத்த பின்னரே சில குழந்தைகள் அதனை ஏற்கின்றனர் என்று ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். பெரியோர் பெரும்பாலும் மூன்றாம் முறையிலேயே சலித்துவிடுகின்றனர், அல்லது வாயில் திணிக்கத் தொடங்குகின்றனர். திணிக்கத் திணிக்க வெறுப்பே வளரும்.

அன்றிரவு ஆச்சி வேறொன்றைக் கவனித்தார். பள்ளியில் பேரன் தன் கையாலேயே களிமண்ணில் பிள்ளையார் செய்து கொண்டுவந்திருந்தான். மகாராட்டிரத்தில் அதற்கென்றே ஷாடூ மண் என்னும் மென்மையான களிமண் கிடைக்கும். பிள்ளையாரின் தும்பிக்கை சற்றுக் கோணலாக இருந்தது. ஆயினும் குரங்காக முடியவில்லை! பிள்ளையாரின் தொந்தியில் சிறுவனின் விரல் தடங்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. எவரையும் அதனைத் தொடவிடாமல் அவன் காவல் காத்தான்.

மறுநாள் காலையில் ஆச்சி அவனைச் சமையலறைக்கு அழைத்தார்.

“பிள்ளையார் பிடித்த கை, கொழுக்கட்டை பிடிக்காதா? இங்கே வா, ஐயா.”

“தின்ன வேண்டுமா, ஆச்சி?”

“வேண்டாம். பிடித்துக் கொடு, போதும்.”

தின்ன வேண்டியதில்லை என்றதும் பேரனின் அச்சம் நீங்கியது. கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான்.

பிடி கொழுக்கட்டை செய்வது எளிது. ஒரு குவளை அரிசிமாவை நிறம் மாறாமல், மணம் வரும்வரை வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். முக்கால் குவளை வெல்லத்தைத் தூளாக்கி, ஏறத்தாழ ஒன்றரைக் குவளை நீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். வெல்லத்தில் மண்ணும் சிறு கற்களும் இருக்கக்கூடும். ஆகவே வடிகட்டுதலைத் தவிர்க்கலாகாது. வடித்த நீரை அடுப்பிலேற்றி, கால் குவளை தேங்காய்த் துருவலும் சிறிது ஏலப்பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்க வேண்டும். நீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கட்டியில்லாமல் கிளற வேண்டும். மாவு திரண்டு பாத்திரத்தை விட்டு விலகும்போது இறக்கி மூடி வைத்துவிடலாம். எல்லா மாவும் ஒரே அளவு நீரைக் குடிப்பதில்லை. மாவு வறண்டு உதிர்ந்தால் சிறிது வெந்நீர் தெளித்துப் பிசையலாம். இவை யாவும் பெரியோர் செய்ய வேண்டிய பணிகள்.

கை பொறுக்கும் சூட்டுக்கு மாவு ஆறியதும் குழந்தைகளின் பணி தொடங்குகிறது. உள்ளங்கையில் ஒரு துளி நெய் தடவி, எலுமிச்சை அளவு மாவை எடுத்து, விரல்களை மடக்கி ஒரு முறை அழுத்த வேண்டும். அவ்வளவே. நான்கு விரல்களின் பள்ளமும் மாவில் பதியும். அச்சு வேண்டியதில்லை, அழகும் வேண்டியதில்லை. கையே அச்சு. அதனால்தான் ஒரே தட்டில் இருந்தாலும் ஆச்சி பிடித்ததும் பேரன் பிடித்ததும் வேறுவேறாகத் தெரிந்தன. ஆச்சியின் கொழுக்கட்டையில் அகன்ற நான்கு பள்ளங்கள். பேரனுடையதில் சுண்டுவிரலின் தடம் காணப்படவே இல்லை.

பிடித்தவற்றை இட்டலித் தட்டில் அடுக்கிப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். ஆவி பொல்லாதது, கொதிநீரைப் போலவே சுடும். ஆகவே மூடியைப் பெரியவர்தாம் திறக்க வேண்டும். அதுவும் முகத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும்.

வெந்த கொழுக்கட்டைகளைத் தட்டில் கொட்டியதும் பேரன் தன் கைத்தடத்தைத் தேடினான். ஐந்தைக் கண்டெடுத்து வரிசையாக வைத்தான். ஒன்றை முகர்ந்தான். நெடுநேரம் அதனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஆச்சி அவன் பக்கம் திரும்பவே இல்லை. வாழையிலையைத் துடைப்பதில் முனைந்திருப்பவர்போல் இருந்தார். இத்தகைய நேரத்தில் பார்க்காமல் இருப்பதும் ஒரு கைப்பக்குவமே. சுவாமிக்குப் படைத்து முடித்ததும் பேரன் தன் கொழுக்கட்டையில் பாதியைத் தின்றான். மீதிப் பாதியில் தேங்காய்த் துருவல் பல்லில் படுகிறது என்றான். இம்முறை அதனைத் தமிழில், ஆச்சியிடமே சொன்னான்.

“அப்படியா? நாளை தேங்காயை அரைத்துப் போடுவோம்” என்றார் ஆச்சி.

மறுநாள் உப்புக் கொழுக்கட்டையின் முறை. மேல்மாவு மிஞ்சினால் அதனைச் சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, ஆவியில் வேகவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் இட்டுத் தாளிப்பார்கள். இதற்கு அம்மிணிக் கொழுக்கட்டை என்று பெயர். கடுகு பிடிக்காத குழந்தைக்காகத் தனிச் சமையல் செய்ய வேண்டியதில்லை. தாளிப்பதற்கு முன் ஒரு கைப்பிடி உருண்டைகளை எடுத்து வைத்தால் போதும். ஆனால் தாளித்தவற்றுள் இரண்டையும் அதே தட்டின் ஓரத்தில் வைக்க வேண்டும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அவை அங்கே இருக்கட்டும்.

அன்று மாலை அண்டை வீட்டு மராத்தியப் பாட்டி மோதகம் கொடுத்தனுப்பினார். மெல்லிய அரிசிமாவுத் தோலை மலர்போல மடித்து, உள்ளே தேங்காயும் வெல்லமும் வைத்து ஆவியில் வேகவைத்த பண்டம் அது. தமிழர் பூரணம் என்பதை மராத்தியர் சாரண் என்கின்றனர். பேரன் இரு வீட்டுப் பண்டங்களையும் அருகருகே வைத்து, “ஆச்சி, உள்ளே ஒன்றுதான், வெளியேதான் வேறு” என்றான். ஆச்சி சொன்னதை மராத்தியிலும், பாட்டி சொன்னதைத் தமிழிலும் மொழிபெயர்க்கும் பொறுப்பும் அவன்மீதே விழுந்தது. இரு முதியோரும் வெல்லப் பாகின் பதத்தைப் பற்றி அவன் வாயிலாக வெகுநேரம் வாதிட்டனர்.

உணவு கொள்ளும் முறையைத் தமிழர் உண்ணல், தின்னல், பருகல், நக்கல் என நான்காகப் பகுத்தனர். சோற்றை உண்கிறோம், நீரைப் பருகுகிறோம், தேனை நக்குகிறோம், முறுக்கையும் கொழுக்கட்டையையும் தின்கிறோம். தின்பதற்குரிய பண்டம் தின்பண்டம். கையில் எடுத்துக் கடித்துத் தின்னும் சிறு பண்டங்கள் இல்லாத திருவிழா நம்மிடம் இல்லை எனலாம். கோகுலாட்டமிக்குச் சீடை, கார்த்திகைக்குப் பொரி உருண்டை, கிறித்துமசுக்கு முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டும் கலகலா. இவற்றுள் உருட்டுவதும் சுருட்டுவதும் குழந்தைகளுக்கு உரியவை; எண்ணெய்ச் சட்டியோ பெரியோருக்கு மட்டுமே உரியது. குறிப்பாகச் சீடையில் எச்சரிக்கை வேண்டும். மாவினுள் சிக்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றிச் சில நேரம் வெடித்துத் தெறிக்கும். ஆகவே மாவைச் சலித்து வறுப்பதோடு, உருண்டையை இறுக்கி உருட்டாமல் ஊசியால் குத்தி விடுவதும் வழக்கம்.

நவராத்திரியோ தயங்கும் குழந்தைக்கென்றே அமைந்தது போன்ற விழா. ஒரு நாள் கொண்டைக்கடலை, மறுநாள் பச்சைப்பயறு, பின்னர் மொச்சை, தட்டைப்பயறு என ஒன்பது மாலைகளிலும் சுண்டல் வரும். முதல் நாள் பார்த்தால் போதும். மூன்றாம் நாள் ஒரு மணியைத் தொடலாம். ஐந்தாம் நாள் ஒன்றைக் கடித்துப் பார்க்கலாம். ஒன்பது நாளுக்குள் ஏதேனும் ஒரு பயறு நண்பனாகிவிடக்கூடும். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கையர் இருந்தால், சுண்டலை மசித்தே கொடுக்க வேண்டும். முழு நிலக்கடலையும் கடினமான சீடையும் அவர்களுக்கு ஆகா. தொண்டையில் சிக்கி மூச்சை அடைத்துவிடும்.

விழா முடிந்து ஆச்சி ஊர் திரும்பும் நாள் வந்தது. அதிரச டப்பாவில் இன்னும் நான்கு இருந்தன. பேரன் ஒன்றை எடுத்து, ஓரத்தைக் கடித்து, நிதானமாக மென்றான். “இது இன்னும் பிடிக்கவில்லை, ஆச்சி” என்றான். ஆச்சி சிரித்துவிட்டார். அவருடைய பையில், ஒரு சிறு தூக்குவாளியில், சுண்டுவிரல் தடமில்லாத மூன்று கொழுக்கட்டைகள் இருந்தன. வழியில் தின்பதற்காகப் பேரன் விடியற்காலையில் எழுந்து பிடித்துக் கொடுத்தவை.

சொல்லும் பொருளும்

கைப்பக்குவம் – சமைப்பவரின் கைத்திறனால் வரும் சுவை
பூரணம் – கொழுக்கட்டையின் உள்ளே வைக்கப்படும் இனிப்பு
பதம் – சமையலில் பொருள் அடைய வேண்டிய சரியான நிலை

பயிற்சி

1. “என் கைப்பக்குவம் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை போலும்”: ஆச்சி ஏன் இவ்வாறு எண்ணினார்? அவர் எண்ணியது சரியா?

2. பிடித்தல் என்னும் சொல் இப்பாடத்தில் ‘விரும்புதல்’, ‘உருவாக்குதல்’ ஆகிய பொருள்களில் வந்துள்ளது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடரைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக. இச்சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டா என வீட்டில் கேட்டு அறிக.

3. உண்ணல், தின்னல், பருகல், நக்கல்: பாயசம், முறுக்கு, மோர், தயிர்ச்சோறு, தேன் ஆகியவற்றை இந்நான்கனுள் பொருத்துக. பாயசத்தை எதில் சேர்ப்பீர்? காரணம் கூறுக.

4. உமக்குப் பிடிக்காத பண்டம் ஒன்றைக் குறித்து, அதில் எது பிடிக்கவில்லை (மணமா, நிறமா, நாவில் படும் தன்மையா) என்று உம் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தமிழில் ஒரு கடிதம் எழுதுக.