தூளும் தேயிலைதான், பிள்ளை

முதல் சம்பளத்தில் நுவரெலியாக் கடையொன்றில் டின்னில் அடைத்த விலை கூடிய தேயிலை வாங்கியிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். வீட்டில் ஊற்றும் தேத்தண்ணியைக் குடிக்க இப்போது உனக்கு மனம் வரவில்லை என்றும் சொன்னாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபமெல்லாம் இல்லை. தேயிலை ஸ்டோரில் சலிக்கும் அறையிலேயே தலை நரைத்தவன் உன் பெரியப்பா. சொல்வதில் பிடித்ததை வைத்துக்கொள், மற்றதைச் சக்கையோடு கொட்டிவிடு.

1. சல்லடைக்கு நாக்கு கிடையாது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, அடுப்பில் காய்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலையாகி எங்கள் அறைக்கு வரும். வரும்போது எல்லாம் ஒரே குவியல். அதைச் சலித்தால் பெரிய துண்டு ஓ.பி., உடைந்தது பி.ஓ.பி., அதிலும் சிறியது பி.ஓ.பி.எஃப்., அடித்தட்டுக்கு இறங்குவது டஸ்ட், நாம் சொல்லும் தூள். நம் பக்கத்து ஸ்டோர்களில் ரோட்டர்வேன் இயந்திரம் இலையை நறுக்கித் தள்ளுவதால் சின்னத் துண்டுகள்தான் கூடுதலாக விழும். இந்தப் பெயர்கள் சொல்வது துண்டின் அளவையும் தோற்றத்தையும். குடித்தால் எப்படி இருக்கும் என்பதை அவை சொல்லா. ஒரே மலையில், ஒரே காலையில், ஒரே கூடையில் விழுந்த கொழுந்துதான் எல்லாம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் நெட்டையன் உண்டு, குட்டையன் உண்டு; குட்டையனை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று யாராவது சொல்வார்களா?

2. டின்னைத் திறக்குமுன் தூளை ஒழுங்காக ஊற்றப் பழகு. டஸ்ட் பொடியானது, தண்ணீர் பட்டதும் சாயத்தை விட்டுவிடும். அதைக் கேத்தலில் போட்டு அடுப்பிலேயே கொதிக்க விட்டுவிட்டு, கசக்கிறது, மட்டமான தூள் என்று சொல்வது நியாயமா? கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிடு. இலை பெரிதானால் நேரமும் கூட வேண்டும்; பி.ஓ.பி.க்கு நாலைந்து நிமிடம் கொடு. இன்னொன்றும் கவனி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. கொழும்பில் சாயம் இறங்குகிற வேகத்தில் மேலே இறங்காததற்கு அதுதான் காரணம். கொழும்பிலிருந்து வந்து போகிறவர்கள் இதை அறியாமல் உங்கள் ஊர்த் தேயிலை லைட் என்பார்கள். நீ அங்கேயே வேலை பார்க்கிறவள், இன்னொரு நிமிடம் பொறு.

3. தேயிலைக்குப் பக்கத்தில் எதை வைக்கிறாய் என்று பார். அது அண்டையில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். உன் சின்னத் தாத்தா பங்களாவில் எடுபிடி வேலை செய்தவர். துரை பைப் குடித்து முடித்துப் போட்ட வெளிநாட்டுப் புகையிலை டின் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அழகான டின், இறுக்கமான மூடி. அதில் தூளைக் கொட்டி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்தே ஊற்றினார். குடித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்; அவரோ, துரைமார் வீட்டு மணம் உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்றார். கடைசிவரை டின்னை மாற்றவில்லை. அந்தத் தூளில் ஒரு குறையும் இல்லை. மணமில்லாத போத்தல் ஒன்றைக் கழுவி வெயிலில் காயவைத்து, தூளை அதில் போட்டு இறுக மூடி, கருவாட்டுக்கும் மிளகாய்த் தூளுக்கும் எட்டாத தட்டில் வை. பாதி ருசி அதிலேயே காப்பாற்றப்பட்டுவிடும்.

4. பெயரைக் கேட்பதற்கு முன் மாதத்தைக் கேள். ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை அடங்கிய திம்புள்ளப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பகலில் காய்ந்த வெயிலும் காற்றும், இரவில் எலும்பைத் தொடும் குளிர். செடி மெதுவாகத்தான் தளிர்விடும். கொழுந்து குறையும், நிறை காணாது, அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழாது என்று மலையில் எல்லோரும் புலம்புவார்கள். ஸ்டோருக்குள் மட்டும் மணம் தூக்கும். மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் அதே கதை ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. அந்தத் தேயிலையில் மூக்கில் ஏறுகிற ஒரு குளிர்ச்சி இருக்கும், ஒரு தடவை குடித்தவர் மறக்கமாட்டார். நம் பக்கம் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் கொழுந்து மளமளவென்று வரும், சாரம் மெலிந்து போகும். ஆகவே மழைக்கால பி.ஓ.பி.யை அழகான பெட்டியில் வாங்குவதை விட, நல்ல தோட்டத்து மாசிமாதத் தூளை வெறும் காகிதப் பையில் வாங்குவது மேல். இதைச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

5. மலிவு வேறு, கள்ளம் வேறு. டஸ்ட் என்றாலே ஸ்டோர்த் தரையைக் கூட்டி அள்ளியது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். டஸ்ட் 1 என்பது முறையாகச் சலித்து, நிறுத்து, பையிலிட்டு, ஏலத்துக்குப் போகிற தரம். கழிவுத் தேயிலை அதில் சேராது. அதை வைத்திருக்கவும் விற்கவும் தேயிலைச் சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். களவாகக் கடத்துகிறவர்கள் பிடிபடுவதைப் பேப்பரில் நீயே பார்த்திருப்பாய். சந்தையில் அளந்து விற்கும் தூளை வாங்கினால் வெள்ளைக் காகிதத்தில் பரப்பிப் பார். கறுப்பாக, ஒரே சீராக இருக்கவேண்டும். செந்நிற நார் கூடுதலாகத் தெரிந்தால் தண்டு கலந்திருக்கிறது. ஒரு சிட்டிகையைக் குளிர்ந்த தண்ணீரில் தூவு. உடனே நிறம் கோடுகோடாக ஓடினால் அது பூசிய நிறம், வாங்காதே. ஏழை குடிப்பதுதானே என்று கலப்படக்காரன் நினைக்கிறான். ஏழை குடிப்பதுதானே என்று பார்க்காமல் விடுகிறவனையும் நான் அவனோடுதான் சேர்ப்பேன்.

6. மலிவை வைத்தே இந்தத் தேயிலை உலகத்தைப் பிடித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டதையும், முதல் தேயிலையைப் பங்களா விறாந்தையில் கையால் உருட்டிக் கரி அடுப்பில் காயவைத்ததையும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். 1890இல் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய லிப்டன் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தேயிலையைச் சின்னப் பக்கற்றில் அடைத்து, குறைந்த விலைக்கு இங்கிலாந்தின் தொழிலாளிகளுக்கு விற்றார். அந்தக் கூலிக்காரர் வீட்டு அடுப்பு இல்லாவிட்டால் நம் மலைகள் இத்தனை தூரம் பச்சையாகியிருக்காது. நமக்கு அதனால் விடிந்ததா என்பது வேறு பேச்சு, அதை நேரில் பேசுவோம்.

7. விலை கூடியதையும் முறைக்காதே. எங்கள் லயத்தில் சங்கத்துத் தலைவர் ஒருவர் இருந்தார், நெருப்பு மாதிரிப் பேசுவார். நல்ல தேயிலையைத் தொடமாட்டார், அது துரை தேத்தண்ணி என்பார். ஒரு மாசி மாதம் டீமேக்கர் ஐயா சாம்பிள் பார்க்க ஊற்றியதில் ஒரு கோப்பை அவருக்குக் கிடைத்தது. குடித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இது நம்ம மலைக் கொழுந்தா?” என்று மட்டும் கேட்டார். தூளை இழிவாகப் பார்ப்பது ஒரு கர்வம் என்றால், நல்லதைத் தள்ளி வைத்துவிட்டு அதையே கொள்கை என்பதும் கர்வம்தான். சில்வர் டிப்ஸ் என்பது விரியாத மொட்டை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பது. ஒரு கிலோவுக்கு எத்தனை விரல் நோகும் என்று உனக்குத் தெரியும், நம் வீட்டுப் பெண்களின் விரல்கள்தானே. அந்த உழைப்புக்குக் கொடுக்கும் காசை நான் குறை சொல்லமாட்டேன். தங்கக் கோடு போட்ட டின்னுக்குக் கொடுக்கும் காசை மட்டும் ஒருமுறை யோசி.

8. உயரத்தைச் சொல்லிப் பெருமை அடிக்காதே. 4,000 அடிக்கு மேலே விளைவதுதான் தேயிலை என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் இப்போது பல ஆண்டுகளாக 2,000 அடிக்குக் கீழே விளையும் தாழ்நிலத் தேயிலையின் சராசரி விலைதான் நம்முடையதை விட மேலே நிற்கிறது. மத்திய கிழக்கு நாடுகளில் கறுத்த, திடமான, நீண்ட இலையைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். நுவரெலியாத் தேயிலையின் மெல்லிய மணம் அவர்களுக்குப் போதாது. வாங்குகிறவனுடைய பழக்கம் மாறினால் விலையும் மாறும். தாழ்நிலத்து மாத்தறைக்காரர் ஒருவர் உனக்குத் தேத்தண்ணி ஊற்றினால் வாயை மூடிக்கொண்டு குடி, பிறகு பேசு.

9. பாலும் சீனியும் அவரவர் பாடு. ருசி பார்க்கிறவர்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 3103 என்றொரு விதியே இருக்கிறது: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம். அது ஒரு தேயிலையை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு, உறிஞ்சித் துப்புகிறவர்களுக்கு. வீட்டில் யாரும் துப்புவதில்லை. மெல்லிய தேயிலையில் பால் விட்டால் மணம் மூழ்கிப்போகும், அதனால் நுவரெலியா பி.ஓ.பி.யை வெறும் சாயமாகக் குடித்துப் பார். தூளும் பி.ஓ.பி.எஃப்.உம் பாலைத் தாங்கும். விடிகாலை வேலைப் பிரட்டுக்குப் போகுமுன் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு உன் அம்மாயி குடித்த சாயத்தண்ணிக்கு எந்த விதியிலும் இடம் கிடையாது. உடைந்த பல்லோடு அவள் சிரித்துக்கொண்டே குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். டின் தேயிலையை ஊற்றிக் கொடுத்துப் பார், அதற்கும் சீனிதான் கேட்பாள். கொடு.

10. யார் வீட்டில் ஊற்றினாலும் குடி. நம் தோட்டத்துப் பையன் ஒருவன் கொழும்பில் தேயிலைக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தான். கெட்டிக்காரன், கண்ணை மூடிக்கொண்டு கோப்பையை முகர்ந்தே எந்தப் பள்ளத்தாக்குத் தேயிலை என்று சொல்லிவிடுவானாம். ஒரு சாவு வீட்டுக்கு வந்திருந்தான். மழை. லயத்துக் கோடியில் பெரிய கேத்தலில் தூளும் சீனியும் பால்மாவும் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தன. ஒரு சின்னப் பிள்ளை அவனுக்குக் கோப்பையை நீட்டியது. வாங்கினான், முகர்ந்தான், ஒரு வாய்கூடக் குடிக்காமல் திண்ணையில் வைத்துவிட்டான். வேலைப் பழக்கமாக இருக்கலாம், வேறொன்றும் நினைத்திருக்கமாட்டான். இப்போது கம்பனியில் பெரிய இடத்துக்கு வந்துவிட்டான், படமெல்லாம் பேப்பரில் வருகிறது. நம் தோட்டத்தில் மட்டும் அவன் பெயரைச் சொன்னால் ஆளை யாருக்கும் விளங்காது, கோப்பையைக் கீழே வைத்தவன் என்றால்தான் விளங்கும்.