கிணற்றடியில் பேச்சுரிமை

பொதுக் கிணற்றடியில் முன்பின் அறியாத ஒருவர் வரிசையை மீறி வாளியை இறக்குகின்றார். நாம் வாய்மூடி நிற்க வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை நாட்டின் பிரசைகள் யாவருக்கும் பேச்சுச் சுதந்திரம் தருகின்றது. எனினும் இன, மத இணக்கத்திற்காகவும், அவதூறு, குற்றஞ்செய்யத் தூண்டுதல் என்பவை தொடர்பாகவும் சட்டத்தினால் அதனை மட்டுப்படுத்தலாம் என்கின்றது 15ஆம் உறுப்புரை. சண்டை மூளும் என்று தெரிந்தே ஒருவரை இழிவுபடுத்திச் சினமூட்டுவது, தண்டனைச் சட்டக்கோவையின் 484ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

"வரிசையில் வாருங்கோ" என்பது உரிமை. ஊரையும் சாதியையும் இழுத்து ஏசுவது இழிவு. "கையை முறிப்பேன்" என்பது பயமுறுத்தல். நாமும் பிறர் கிணற்றடியில் அந்நியராய் நின்றவர்கள்தானே! செயலைக் கண்டிப்போம், ஆளைப் பழிக்காதிருப்போம்.

சிந்திக்க: நமது கிணற்றடியில் கடைசியாக மூண்ட சண்டையில் எல்லை தாண்டிய சொல் எது?