கோலார் மாவட்டத்தில் வேலையும் கூலியும்: ஒரு பாடம்

சென்ற மாதம் கோலார் தங்கவயலிலிருந்து என் தங்கை மகன் வந்திருந்தான். டிப்ளமா முடித்தவன். கையில் இரண்டு வேலைகள். ஒன்று, நரசாபுரா தொழிற்பேட்டையில் ஒப்பந்தக்காரர் மூலமாக மாதம் பதினாறாயிரம். மற்றது, பெங்களூரில் ஒரு பட்டறையில் பத்தொன்பதாயிரம். "மாமா, மூவாயிரம் கூட வருதே, இங்கேயே வந்துடட்டுமா?" என்று கேட்டான். சட்டென்று பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவன் மாவட்டத்தில் எந்தத் தொழில் யாருக்கு எப்படிச் சோறு போட்டது என்று பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று உட்கார்ந்தேன். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தங்கவயலில் உறவு இருப்பதால், கற்றுக்கொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கோலார் அடிப்படையில் ஒரு கிராமப்புற மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 15 லட்சம். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் கிராமவாசிகள்.

தங்கம்

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் உச்சத்தில் இருந்தபோது சுமார் முப்பதாயிரம் பேர் வேலை பார்த்தனர். ஆரம்பத்தில் அங்கும் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிதான். நாளடைவில் வேலை நிரந்தரமானது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன.

மைன்ஸ் வேலை என்றால் சம்பளம் மட்டும் அல்ல. லைன் வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அதோடு ஒட்டியவை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர்கள் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த விலையை எந்தச் சம்பளப் பட்டியலும் காட்டாது.

ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கம் வர வரக் குறைந்து, கடைசிக் காலத்தில் மூன்று நான்கு கிராமாகியது. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. அப்போது மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தனர். சம்பளம் நின்றதோடு, வீடும் ஆஸ்பத்திரியும் கேள்விக்குறியாயின. லைன் வீடுகளின் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஒரே தொழிலை நம்பிய ஊரில், கூலியோடு கிடைக்கும் வசதிகளும் அந்தத் தொழிலோடு சேர்ந்தே போய்விடும் என்பது இதில் நாம் கற்கும் முதல் பாடம்.

தக்காளியும் பாலும்

மாவட்டத்தின் கிராமங்களில் தக்காளி பெரிய பயிர். கோலார் தக்காளிச் சந்தை ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. 2023 ஜூலையில் 15 கிலோ பெட்டி இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியது. அதே சந்தையில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டிய காலங்களும் உண்டு. பறிக்கும் பெண்ணுக்கு நாள் கூலி. வேலை இருக்கிற நாளுக்குத்தான் காசு. பெட்டி விலை ஏறியதற்காக அவள் கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை.

வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் இது. ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்ட ஆழ்துளைக் கிணறுகளை நம்பிய விவசாயம். 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரை ஏரிகளுக்குக் கொண்டுவருகிறார்கள். இத்தனை நிச்சயமின்மைக்கு நடுவே பல குடும்பங்களைத் தாங்குவது கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றும் பால். தொகை சிறியதுதான், ஆனால் தவறாமல் வருகிறது. விலை உயர்வைப் பார்த்து ஏங்குகிறவர்கள், தவறாமல் வருவதற்கும் ஒரு மதிப்பு போட வேண்டும்.

தொழிற்சாலை

1964-இல் பெமல் வந்தது. மைன்ஸுக்குப் பிறகு தங்கவயலில் 'நிரந்தர வேலை' என்றால் அதைத்தான் சொன்னார்கள். நரசாபுராவில் 2013-இல் ஹோண்டா இருசக்கர வாகன ஆலை திறந்தது. பிறகு ஐபோன் தயாரிக்கும் விஸ்ட்ரான் ஆலை வந்தது. அங்கே பெரும்பாலோர் ஒப்பந்தக்காரர்கள் மூலம் சேர்ந்தவர்கள். 2020 டிசம்பர் 12 அன்று சம்பளப் பிரச்சினையில் தொழிலாளர்கள் கொதித்தெழுந்ததும் ஆலை சேதமடைந்ததும் உலகச் செய்தியாயின. சிலருக்குச் சம்பளம் சரியாகவும் உரிய நேரத்திலும் தரப்படவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2023-இல் அந்த ஆலை டாடா குழுமத்தின் கைக்கு மாறியது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக நான் போட்டது. ஒரு பட்டறையில் பத்துப் பேர். ஒருவர் நிரந்தரம், சம்பளம் 60,000. மற்ற ஒன்பது பேர் ஒப்பந்தம், ஆளுக்கு 15,000. மொத்தம் 1,95,000, சராசரி 19,500. ஒப்பந்தக்காரர்களில் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். இப்போது எட்டுப் பேர், மொத்தம் 1,65,000. சராசரி 20,625! யாருக்கும் ஒரு ரூபாய் கூடவில்லை, இரண்டு அடுப்புகள் அணைந்தன, ஆனால் 'சராசரிச் சம்பளம் உயர்ந்தது' என்று அறிக்கை எழுதலாம். ஆகவே சராசரியைப் படிக்கும்போது, எத்தனை தலைகளை வைத்து வகுத்தார்கள் என்பதையும் கேட்டுப் பழகுங்கள்.

ரயில்

சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலின் பெரிய பிழைப்பு, மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் வரும் ரயில்தான் என்றால் மிகையில்லை. விடியுமுன் ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிறார்கள். தூரம் சுமார் நூறு கிலோமீட்டர். போக இரண்டு மணிக்கு மேல், வர இரண்டு மணிக்கு மேல். சம்பாதிப்பது பெங்களூரில், சாப்பிடுவது கோலாரில். ஆலைகளின் ஆள் கணக்கைப் பார்த்தால் இவர்கள் பெங்களூர்த் தொழிலாளர்கள். குடியிருப்புக் கணக்கைப் பார்த்தால் கோலார்வாசிகள். எந்தக் கணக்கைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் ஒரு மாவட்டம் வளர்ந்தது, தேய்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு மருமகனிடம் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்.

1. ஆண்டில் எத்தனை மாதம் இந்தச் சம்பளம் நிச்சயம்?
2. கடிதத்தில் கையெழுத்துப் போடுவது ஆலையா, ஒப்பந்தக்காரரா?
3. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா? சம்பளச் சீட்டு தருவார்களா?
4. வாடகையும் பயணமும் போக, கைக்கு மிஞ்சுவது எவ்வளவு? பயணத்தில் போகும் நேரம் எவ்வளவு?

இரண்டு இடத்திலும் போய்க் கேட்டுவிட்டு வந்தான். ஒப்பந்தக்காரர் முதல் கேள்விக்கு, "ஆர்டரைப் பொறுத்து" என்றாராம். பட்டறை முதலாளி கொஞ்சம் முகம் சுளித்தாலும், நியமனக் கடிதமும் பி.எஃப்.பும் தரச் சம்மதித்தார். தனியாக வீடு எடுத்தால் மூவாயிரமும் வாடகைக்கே போதாது. என் வீட்டில் ஓர் அறை இருப்பதால் கணக்கு நேரானது, பையன் இங்கே சேர்ந்தான்.

ஆனால் பெங்களூரில் மாமா வீடு எல்லோருக்கும் இருக்காதே! தங்கவயலிலிருந்து உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு பிள்ளை வந்து கேட்டால், சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன் இந்த நான்கையும் அவன் கையில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அறையையும் கொடுங்கள்.