பழைய கார் கடன்: பத்தைவிடப் பன்னிரண்டு மலிவு!

வில்லியனூர், பாகூர் பக்கம் பழைய கார் பார்க்கப் போனால், “வட்டி பத்து பர்சென்ட்தான் சார்” என்பார் புரோக்கர். ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா என்று அங்கேயே கேளுங்கள். 3 லட்சம், 3 வருடம், ஃபிளாட் 10 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 90,000 ரூபாய். மாதத் தவணை 10,833. அசல் பாதி அடைந்த பிறகும் முழு 3 லட்சத்துக்கே வட்டி ஓடும். உண்மைக் கணக்கில் அது ஏறக்குறைய 18 சதவீதம். குறையும் அசலுக்கு 12 சதவீதம் என்றால் தவணை 9,964. மொத்த வட்டி 59,000-க்குள் முடிந்துவிடும்.

தெரிந்தவரிடம் ‘ரெண்டு வட்டி’க்கு வாங்குவது வருடத்துக்கு 24 சதவீதம். கடைசி வழியாக இருக்கட்டும்.

கையெழுத்துக்கு முன் ‘முக்கிய விவர அறிக்கை’யைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பிராசசிங் கட்டணம் முதலியவை சேர்ந்த ஏ.பி.ஆர். விகிதம் அதில் இருக்கும். இரண்டு மூன்று இடங்களில் வாங்கி அந்த எண்ணை ஒப்பிட்டால் போதும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதும் அதில் தெரியும்.

பீரோவில் நகை சும்மா கிடந்தால் வங்கி நகைக்கடனையும் விசாரியுங்கள். பெரும்பாலும் பழைய கார் கடனைவிட வட்டி குறைவு, ஆர்.சி.யில் அடமானமும் ஏறாது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போகிறவர்களுக்கு இது சரிப்படாது.

விற்பவரின் ஆர்.சி.யில் பழைய அடமானம் இருந்தால், என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.