கூன் விழுந்த முதுகு: முதியோரின் அடுத்த முறிவைத் தடுப்போம்

சொந்தக் காணிக்குத் திரும்பியதும் வேலைகள் குவிந்துவிடும். வளவு துப்புரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், கொட்டில் போட வேண்டும். வீட்டிலுள்ள அம்மம்மாவும் அப்பப்பாவும் இந்த நேரத்தில் சும்மா இருக்கமாட்டார்கள். குனிந்து குப்பை பொறுக்குவார்கள், வாளி தூக்குவார்கள். அவர்களுடைய முதுகு கூனியிருந்தால், "வயது போனால் அப்படித்தான்" என்று நாங்களும் விட்டுவிடுகின்றோம். ஆனால் அந்தக் கூன் ஏற்கெனவே ஏற்பட்ட எலும்பு முறிவின் அடையாளமாக இருக்கலாம். இன்னொரு முறிவு வரக்கூடும் என்ற எச்சரிக்கையாகவும் இருக்கலாம். இந்த எச்சரிக்கையைக் கவனித்தால் அடுத்த முறிவு வரும் வாய்ப்பைக் குறைக்கலாம்.

கூன் எவ்வாறு விழுகின்றது?

கழுத்து முதல் இடுப்பு வரை 24 முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. வயது செல்லச்செல்ல, முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களில், எலும்பின் உள்ளே இருக்கும் சத்து குறைந்து அது பஞ்சுபோல ஆகின்றது. இதை எலும்புத் தேய்வு என்கின்றோம். இவ்வாறு பலமிழந்த எலும்பு நசிவதற்கு விழத்தான் வேண்டும் என்றில்லை. பாரமான வாளியைக் குனிந்து தூக்குவதோ, பலமாக இருமுவதோ கூடப் போதும். எலும்பின் முன்பக்கம் நசிந்து ஆப்புப்போல ஆகும்போது முதுகு முன்னோக்கி வளைகின்றது.

இவ்வாறான முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எவருக்கும் தெரியாமலே போய்விடுகின்றன. நோவு சில கிழமைகளில் குறையும். "வாய்வுப் பிடிப்பு" என்று எண்ணெய் பூசிவிட்டு மறந்துவிடுவோம். கூன் மட்டும் மிஞ்சும்.

எல்லாக் கூனும் முறிவால் வருவதில்லை. முதுகுத் தசை பலமிழப்பதாலும் எலும்புகளுக்கிடையிலுள்ள தட்டுகள் தேய்வதாலும் கூன் விழலாம். எந்தக் காரணத்தால் வந்தாலும் அதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த முறிவு ஏன் வருகின்றது?

முதுகு வளைந்ததும் உடம்பின் பாரம் முன்னுக்குச் செல்கின்றது. அடுத்தடுத்த எலும்புகளின் முன்பக்கத்தில் சுமை கூடுகின்றது. முள்ளந்தண்டில் புதிதாக ஒரு முறிவு ஏற்பட்ட பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்று ஏற்படுகின்றது. அத்துடன் கூனியவரின் சமநிலையும் குறைவதால் தடுக்கி விழுவது அதிகம். அவ்வாறு விழும்போது மணிக்கட்டோ இடுப்பு எலும்போ முறியலாம். இடுப்பு முறிந்த முதியோர் பலர் பழையபடி தனியாக நடப்பதில்லை. ஒருவர் படுக்கையில் விழுந்தால் அவரைப் பார்க்க இன்னொருவர் வேலையை விட நேரிடும். புதிதாக வாழ்க்கையைத் தொடங்கும் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளங்கள்

• முன்பு அளவாக இருந்த சேலை அல்லது சாரம் இப்போது நிலத்தில் இழுபடுதல். இளவயது உயரத்திலிருந்து 4 சென்ரிமீற்றர் அளவு குறைந்திருந்தால் வைத்தியரிடம் கூறவும்.
• குதிக்கால் சுவரில் படும்படி நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். நாடியை உயர்த்தாமல் பின்தலை சுவரில் படாவிட்டால் பரிசோதனை தேவை.
• திடீரென்று தொடங்கி, நடக்கும்போது கூடி, படுத்தால் குறையும் முதுகு நோவு.

கால் விறைத்தல், கால் பலமிழத்தல், சலம் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல் என்பன இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முதுகு நோவுடன் பின்னேரக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் அது முள்ளந்தண்டுக் காசநோயாகவும் இருக்கலாம். அதனைக் குணப்படுத்த முடியும். தாமதிக்க வேண்டாம்.

வைத்தியரிடம் என்ன சொல்ல வேண்டும்?

இடம்பெயர்வின்போது பலருடைய கிளினிக் கொப்பிகள் தொலைந்துவிட்டன. ஆகவே பழைய விபரங்களை நீங்களே சொல்ல வேண்டும். 50 வயதுக்குப் பின் ஏதாவது எலும்பு முறிந்ததா, 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றதா, முட்டு அல்லது மூட்டுவாதத்துக்கு ஸ்ரீரொயிட் குளிசை மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்தாரா, புகைத்தல் அல்லது மதுப் பழக்கம் உண்டா என்பவற்றைக் கூறுங்கள். முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். ஸ்ரீரொயிட் குளிசையைத் தாமாகத் திடீரென நிறுத்தக்கூடாது.

எலும்பைப் பலப்படுத்த அலன்ட்ரோனேற் குளிசை தரப்பட்டால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் நிறையச் சாதாரண தண்ணீருடன் விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல், ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தேநீருடன் எடுக்கக்கூடாது.

முதுகு எலும்பு நசிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது சுளுக்கு எடுத்தல், முதுகை மிதித்தல், நெட்டி முறித்தல் என்பவற்றைச் செய்யாதீர்கள்.

வீட்டிலும் வளவிலும்

• தண்ணீர் அள்ளுவதை இளையவர்கள் பொறுப்பேற்கவும். முதியவர் தூக்குவதானால் சிறிய பாத்திரத்தில், உடம்போடு அணைத்துத் தூக்கட்டும்.
• கூட்டுவதற்கு நீண்ட பிடியுள்ள தும்புத்தடி கொடுங்கள். அடுப்பை நின்று சமைக்கும் உயரத்துக்குக் கட்டுங்கள்.
• கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். இருந்து குளிக்க ஒரு கதிரை வையுங்கள்.
• மலசலகூடத்துக்குப் போகும் பாதையில் கல், கம்பி, தறப்பாள் கயிறு என்பன இருக்கக்கூடாது. உள்ளே பிடித்து எழும்ப உறுதியான தடி பொருத்துங்கள். தலைமாட்டில் ரோர்ச் லைற் இருக்கட்டும்.
• பாயிலிருந்து எழும்பச் சிரமமென்றால் கட்டில் அல்லது உயரமான வாங்கு ஒழுங்கு செய்யுங்கள்.
• கண் பார்வை குறைந்திருந்தாலோ குளிசை எடுத்தபின் தலை சுற்றினாலோ கிளினிக்கில் சொல்லுங்கள்.

உணவு, வெயில், பயிற்சி

நெத்தலியை முள்ளோடு சமையுங்கள். குரக்கன், எள்ளு, முருங்கை இலை, தயிர், பால் என்பவற்றில் கல்சியம் உண்டு. பருப்பு, முட்டை, மீன் தசைக்குப் பலம் தரும். ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் கை, கால்களில் வெயில் படட்டும்.

கதிரையில் நிமிர்ந்திருந்து, இரண்டு தோள்பட்டைகளையும் பின்னுக்கு ஒடுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விடவும். நாளுக்குப் பத்துத் தடவை போதும். நோவு வந்தால் நிறுத்தவும். குனிந்து காலைத் தொடும் பயிற்சி வேண்டாம். தினமும் நடப்பது நல்லது. பொல்லுப் பிடித்து நடப்பதில் வெட்கமில்லை.

விழுந்துவிட்டால்

எழும்பி நிற்க முடியாமல், ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்கலாம். காலை இழுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். வாகனம் வர முடியாத இடமென்றால் பலகையில் கிடத்திக் கொண்டுசெல்லுங்கள்.

குடும்பமாகக் கலந்துரையாடுங்கள்

எங்கள் வீட்டு முதியவரின் உயரம் குறைந்துள்ளதா? அவர் தினமும் குனிந்து செய்யும் வேலைகள் எவை? அவற்றில் எதை நாளை முதல் வேறொருவர் செய்யலாம்? அவருக்கு வேலையே இல்லாமல் செய்துவிடாதீர்கள். இருந்தபடி அரிசி புடைக்கலாம், மரக்கறி வெட்டலாம், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். முதுகைக் காப்பாற்றும் அதேவேளை, வீட்டில் அவருக்குள்ள இடத்தையும் காப்பாற்றுவோம்.